வேண்டாததை வையுங்கள்

"நான் இல்லேன்னா உனக்கு நிம்மதியா இருக்குமாடி?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். தலை வாரிக்கொண்டே, சிரித்துக்கொண்டே கேட்டாள். வாலு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனதால் வீட்டில் ஒட்டிய பெயர் அது. இருபத்திரண்டு வயதிலும் உதிரவில்லை.

கடைசி நாள் காலையில் பையைக் கட்டும்போது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. அக்காவின் முதுகுப்பையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் லேசாக இருந்தது.

ஏழு நாளைக்கு முன் இருவரும் இந்தப் பழைய கோட்டை நகரத்துக்கு வந்து, மதிலை ஒட்டிய விடுதியில் தங்கினார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு மர அலமாரி. 'வேண்டாததை வையுங்கள், வேண்டியதை எடுங்கள்' என்று மேலே எழுதியிருந்தது. கிளம்புகிறவர்கள் படித்த புத்தகம், குடை, பாதி தீர்ந்த சோப்பு என்று வைத்துவிட்டுப் போவார்கள்.

முதல் நாளே அதே அறையில் தங்கியிருந்த பெண்கள் அக்காவின் நீலச் சால்வையை மெச்சி, அவளை நடுவில் நிறுத்திக்கொண்டு, வாலுவின் கையில் போனைக் கொடுத்து, "நீ படம் எடும்மா" என்றார்கள். அன்று அக்கா குளிக்கப் போனதும் வாலு சால்வையை மடித்து அலமாரியில் வைத்தாள். மறுநாள் அது அங்கே இல்லை.

"எங்கயோ விட்டுட்டேன் போல. என் தலையைக் கழட்டி வெச்சாலும் மறந்துட்டு வந்துடுவேன்டி."

அடுத்த நாள் அலமாரியில் அக்காவின் சீப்பு இருந்தது. அதை வாலு வைக்கவில்லை. அதற்கடுத்த நாள் மூக்குக்கண்ணாடி. திருப்பி எடுத்து வந்திருக்கலாம். எடுக்கவில்லை. ஒவ்வொன்றாகப் போகப்போக அக்கா மங்கிக்கொண்டே வந்தாள். டீக்கடைக்காரர் வாலுவோடு மட்டும் பேசினார். விடுதிக்காரம்மா ஒரே தம்ளர் வைத்தாள். "தனியாவா வந்திருக்கீங்க?" என்று கோட்டை வழிகாட்டி கேட்டபோது, அக்கா பக்கத்தில்தான் நின்றாள். "ஆமா" என்றாள் வாலு. நாக்கடியில் ஒளித்த கற்கண்டுபோல் அந்தச் சொல் இனித்தது.

"அக்கா, மணி பதினொன்னாகப் போகுது. கிளம்பலாம்."

அக்காவின் படுக்கையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கட்டிலடியில் கைவிட்டுத் துழாவினாள். தன் ஷூவையும் காணோம். வெறுங்காலோடு இறங்கினாள். வெளியே வெயில் கொளுத்தினாலும், படிக்கட்டில் ஈரக்கல் வாடையும் அதற்குள் அக்காவின் தலைமுடி எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. கீழிருந்து, யாரோ சிக்கெடுப்பதுபோல், சீப்பு முடிக்குள் சரக் சரக்கென்று இழுபடும் சத்தம் ஏறி வந்தது.

சத்தம் நின்றது.

அலமாரியின் அடித்தட்டில் அக்கா. முழங்காலைக் கட்டிக்கொண்டு. கழுத்து மடங்கி. கண்கள் திறந்தபடி.

எதிரே ஒரு பெண். நீலச் சால்வை. அக்காவின் கண்ணாடி. கையில் சீப்பு. அவள் வாயைத் திறந்தாள். வந்தது அக்காவின் குரல்.

"இது வேண்டாததுதானேடி, வாலு?"

இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் வாலு நினைத்துவிட்டாள், தனியாக வீடு திரும்பினால் அம்மா தன்னை மட்டும்தானே கட்டிக்கொள்வாள் என்று. ஒரே ஒரு கணம்.

அந்தப் பெண் அக்காவை நோக்கிக் கையை நீட்டினாள்.

"ஐயோ, அது என் அக்கா!" வாலு கத்தினாள். குரல் வரவில்லை.

அக்கா எலும்பு எலும்பாக நிமிர்ந்து வெளியே வந்தாள். அவள் கையில் இருந்தது வாலுவின் ஷூ. வாலுவை ஏற இறங்கப் பார்த்தாள். குனிந்தாள். ஷூவை அடித்தட்டில் ஜோடியாக வைத்தாள். கயிறுகளைப் பொறுமையாக முடிந்தாள், சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது முடிந்துவிடுவாளே, அதேபோல.

பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குள் இறங்கிப் போனாள்.