பத்துக்கு ஒரு லாபம்

ஹரிபிரசாத் தோற்றுவிட்டால் பாதித் தெருவுக்குத் தெரிந்துவிடும். அவன் குரல் அப்படி.

"மெஷின்! இது விரல் இல்ல, மெஷின்!" என்று அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவன் கத்திய கத்தலில், தெருக் கடைகளுக்கு வந்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவனோடு சேர்ந்து தோற்ற சுமைரா மட்டும் தன் போனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு. ஒரே அணி.

காலாண்டு விடுமுறையில் சிவகாசியின் அந்தத் தெருப் பிள்ளைகள் 'மேகக்கோட்டை' போட்டி நடத்தினார்கள். அது இணையத்தில் ஆடும் ஆட்டம். அணிக்கு இரண்டு பேர். ஒருவர் தன் கோட்டையைக் காக்க வேண்டும். இன்னொருவர் திரையைத் தட்டித் தட்டி எதிரிக் கோட்டைமேல் ராக்கெட் விட வேண்டும். அவசரப்பட்டுத் தட்டினால் ராக்கெட் குழாய் சூடாகி அடைத்துக்கொள்ளும். மெதுவாகத் தட்டினால் எதிரி இடிந்த சுவரைக் கட்டிவிடுவான். ஒரே சீராகத் தட்டுகிறவர்தான் ஜெயிப்பார்.

அரையிறுதியில் இவர்களை ஜெயித்தது பக்கத்துத் தெரு பாண்டிமீனா. அவள் ராக்கெட் விட, தம்பி சிவபாண்டி கோட்டையைக் காத்தான்.

"மணிகண்டராஜ் அண்ணே, தானாத் தட்டுற ஆப் ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுட்டா நாம சும்மா உக்காந்திருக்கலாம். அதுவே தட்டிரும். இவ அதைத்தான் போட்டிருக்கா!" என்றான் ஹரிபிரசாத்.

போட்டியை நடத்துகிற மணிகண்டராஜ் கல்லூரியில் படிக்கிறவன். 'வெளி ஆப் எதுவும் கூடாது' என்று முதல் விதியாக எழுதி ஒட்டியதும் அவன்தான். பாண்டிமீனாவின் போனை வாங்கிப் பார்த்தான். அப்படி எதுவும் இல்லை.

"இப்பத்தான் அழிச்சிருப்பா" என்றான் ஹரிபிரசாத்.

"நான் எதுவும் போடலண்ணே. கையாலதான் தட்டினேன்" என்றாள் பாண்டிமீனா. அவள் கண்கள் நிறைந்துவிட்டன. தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

மணிகண்டராஜ் தலையைச் சொறிந்தான். "நாளைக்கு அஞ்சு மணிக்கு ஃபைனல். அதுக்குள்ள எது நிஜம்னு தெரியலைன்னா, அவங்களுக்குப் பதிலா நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க."

ஹரிபிரசாத் குதித்தான். சுமைராவும் குதித்திருக்க வேண்டும். அவள் இதுவரை எந்தப் போட்டியிலும் ஃபைனல் வரை போனதே இல்லை. ஆனால் அவள் மண்டைக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. ஒரு மனுசக் கை அம்புட்டுச் சீராத் தட்ட முடியுமா?

மறுநாள் காலையில் அவள் மணிகண்டராஜ் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, அந்த ஆப்பை உங்க பழைய போன்ல ஒரு நிமிசம் போட்டுக் காட்டுறீகளா? ஆட்டத்துல வேண்டாம். கால்குலேட்டர்ல தட்டட்டும்."

ஆப் தட்டியது. கால்குலேட்டரில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வரிசை நீண்டது. அந்தச் சத்தத்தைச் சுமைரா பதிவு செய்துகொண்டாள். நேற்று ஆடும்போதே பாண்டிமீனாவின் ராக்கெட் சத்தத்தோடு பதிவு செய்திருந்த ஆட்டமும் அவள் போனில் இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவின் காலண்டர் கடைக்குப் போய், பின்பக்கம் கழிவுத் தாள் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தாள். வேகத்தைக் குறைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

முதலில் ஆப். டக், டக், டக், டக். எவ்வளவு நேரம் கேட்டாலும் அதேதான். அவளுக்குக் கொட்டாவியே வந்துவிட்டது.

அடுத்தது பாண்டிமீனா. டக், டக், டக்... இதுவும் அதே மாதிரிதான் போனது. திடீரென்று ஒரு தட்டு மட்டும் துளி தாமதமாக வந்தது. சுமைரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எண்ணிப் பார்த்தாள். பத்துத் தட்டு முடிந்ததும் ஒரு தாமதம். மறுபடி பத்து, மறுபடி தாமதம்.

தேடிக்கொண்டு வந்த ஹரிபிரசாத்துக்கும் போட்டுக் காட்டினாள்.

"அந்த ஆப்பையே அப்படி செட் பண்ணியிருப்பா" என்றான் அவன்.

"இருக்கலாம். அவகிட்டயே போய்ப் பார்த்துட்டு வாரேன்."

"நீ நம்ம டீமா, அவ டீமா? அவ கையாலதான் தட்டினான்னு ஆயிட்டா நமக்கு ஃபைனல் கிடையாது. தெரியும்ல?"

சுமைராவுக்கு அது நன்றாகவே தெரியும். நினைத்தாலே அழுகை வரும்போல இருந்தது. இருந்தும் செருப்பை மாட்டினாள்.

பாண்டிமீனா வாசலிலேயே மறித்தாள். "எதுக்கு வந்தே? போனை மறுபடி பார்க்கவா?"

"இல்ல. உன் விரலைப் பார்க்க. ஒரே ஒரு ஆட்டம் ஆடிக் காட்டு."

பாண்டிமீனா முறைத்துக்கொண்டே உட்கார்ந்து தட்டினாள். சுமைரா விரலைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. தற்செயலாக முகத்தைப் பார்த்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"என்ன சொல்றே?"

"நானா? ஒண்ணும் சொல்லலையே."

"சொல்றே! சத்தமாச் சொல்லு."

பாண்டிமீனாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. "லாபம், ரெண்டு, மூணு, நாலு... ஒம்பது, பத்து. லாபம், ரெண்டு, மூணு..."

சுமைராவின் அத்தாவும் அப்படித்தான் எண்ணுவார். கடையில் எதை எண்ணினாலும் 'ஒண்ணு' என்று தொடங்க மாட்டார்கள். நல்ல வார்த்தையாக 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். தினமும் காதில் விழுந்தும் அவள் அதைக் கவனித்ததே இல்லை.

"அம்மா பிரஸ்ல லேபிளைப் பத்துப் பத்தா எண்ணி அடுக்குவாக. எனக்கும் அது ஒட்டிக்கிடுச்சு" என்றாள் பாண்டிமீனா.

"வீட்ல இட்லியையும் அப்படித்தான் எண்ணுவாக. எனக்கு எப்பவும் லாபம் இட்லிதான்!" என்றான் சிவபாண்டி.

சுமைரா தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ரெண்டு, மூணு எல்லாம் சட்டென்று முடிந்தன. 'லாபம்' மட்டும் வாயை மூடித் திறந்து மறுபடி மூட வைத்தது. அதற்குள் விரல் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது.

"லாபத்துக்குப் பதிலா ஒண்ணுன்னு சொல்லித் தட்டு."

பாண்டிமீனா தட்டினாள். நாலாவது சுற்றிலேயே தடுமாறினாள்; ராக்கெட் குழாய் அடைத்துக்கொண்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

ஐந்து மணிக்கு எல்லோரும் கூடினார்கள். சுமைரா சொன்னபடி பாண்டிமீனா மணிகண்டராஜின் போனிலேயே தட்டினாள். வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் பத்துக்கு ஒரு தாமதம் வந்தது. அதைப் பதிவு செய்து, சுமைரா வேகத்தைக் குறைத்துப் போட்டாள்.

"நீயே எண்ணிப் பாருலே" என்றாள் ஹரிபிரசாத்திடம்.

அவன் அரைமனசாகக் காதைக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் அவன் உதடும் அசையத் தொடங்கியது. "எட்டு, ஒம்பது, பத்து, லா...பம். அட!"

"மெஷின் லாபம் சொல்லுமா?"

"சொல்லாது." அவன் குரல் முதல் தடவையாகச் சின்னதாக வந்தது. "அப்ப நமக்கு ஃபைனல் இல்லையா?"

"இல்ல" என்றாள் சுமைரா. ஆனால் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்த கேள்வி போயே போய்விட்டது.

ஹரிபிரசாத் காலால் மண்ணைக் கீறினான். "பாண்டிமீனா, தப்பாச் சொல்லிட்டேன். நேத்து கொஞ்சம் சத்தமாவும் பேசிட்டேன்."

"கொஞ்சமா?" என்றான் சிவபாண்டி.

ஃபைனல் தொடங்கியது. எதிர் அணி கெட்டிக்கார அணி. ஆட்டம் பாதியைத் தாண்டியதும் பாண்டிமீனாவின் விரல் சீர் தப்பத் தொடங்கியது. சுமைரா அதைக் கவனித்துவிட்டாள். மெதுவாக எண்ணத் தொடங்கினாள்.

"லாபம், ரெண்டு, மூணு..."

பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாண்டிமீனாவின் விரல் மறுபடி சீரானது. அப்புறம் ஒரு குரல் எல்லாக் குரல்களையும் அமுக்கிக்கொண்டு கிளம்பியது.

"லாபம்!"

அது ஹரிபிரசாத். பாதித் தெருவுக்குக் கேட்டது.