பெண்கள் பக்கத்திலிருந்து பதில்

"கர்த்தர் உங்களோடேகூட இருப்பாராக." ஒத்திகையின் முதல் வரியைத் திக்காமல் சொல்லிவிட்டார் உபதேசியார் ஜெயராஜ். காலி ஆலயத்தின் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "உமது ஆவியோடேகூட இருப்பாராக" என்றது.

ஆர்மோனியம் வாசிக்கும் டோரீன் வந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டார். காக்ஸ் டவுனில் மத்தியானம் பிடித்த மழை இன்னும் ஓட்டின்மேல் சன்னமாகப் பெய்துகொண்டிருக்க, நாளைக்கென்று அடித்த புதுச் சுண்ணாம்பின் நெடியும் பெஞ்சுகளின் வார்னிஷ் வாடையும் அந்திக் கருக்கலில் மூச்சை அடைத்தன. நாளை பிஷப் வருகிறார். இந்த ஐம்பத்தெட்டாம் வருடம் பிறந்த புது மறைமாவட்டத்துக்கு இந்தச் சிறிய லுத்தரன் ஆலயமே பேராலயம் ஆகப்போகிறது. ஆராதனையின் முதல் பகுதி ஜெயராஜுடையது. திக்கினால் அடுத்த மாதம் வேறு ஆள் என்று போதகர் சொல்லிவிட்டார்.

மனைவி இறந்தபின் அவரோடு பேச வீட்டில் ஆளில்லை. ஞாயிறன்று சபை சொல்லும் பதில்தான் ஒரு வாரத்தில் அவருக்குக் கிடைக்கும் பேச்சு.

பக்கக் கதவு திறந்தது. டோரீன் குடையை உதறினார்.

"யாருகிட்ட பேசறீங்க உபதேசியாரே? செவுத்துக்கு ஞானஸ்நானமா?"

"இப்ப நீங்கதானே பதில் சொன்னீங்க?"

"நானா? பஸ்ஸே வரல. ஜோகுபாளையத்துலேருந்து நனைஞ்சுக்கிட்டு வர்றேன்." பாட்டுப் புத்தகத்தை ஆர்மோனியத்தின்மேல் வைத்தார். "நாளைக்குத் திக்கிடாதீங்க சாமி. நீங்க முடிக்கறதுக்குள்ள பிஷப்பு ரிட்டயர் ஆயிடுவாரு."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஜெயராஜும் போயிருக்கலாம்.

"உங்கள் இருதயங்களை உயர்த்துங்கள்."

"கர்த்தரிடத்தில் உயர்த்துகிறோம்."

இம்முறை மூன்று நான்கு பெண்குரல்கள். பெஞ்சுகள் காலியாகவே இருந்தன. ஓடிவிடலாமென்று கதவைப் பார்த்தார். ஆனால் நாக்கு இத்தனை லேசாக என்றுமே இருந்ததில்லை. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. அடுத்த வரியைச் சொன்னார். பதில் வந்தது. அதற்கடுத்த வரிக்கு இன்னும் சில குரல்கள் சேர்ந்து, ஒரு பெஞ்சு முன்னால் வந்து சொல்லின.

அவருடைய பகுதி முடிந்தது. புத்தகத்தை மூடினார். பதில்களும் நின்றன. அந்த அமைதி அவர் வீட்டு அமைதி போலவே இருந்தது.

மறுபடி திறந்தார். அடுத்த பக்கம், அப்பம் வாங்கச் சபையை வரச்சொல்லும் நற்கருணை அழைப்பு. அபிஷேகம் பெற்ற போதகர் மட்டும், சபை கூடியிருக்கும்போது மட்டும் சொல்லவேண்டியது. உபதேசியார் வாயில் வரக்கூடாதது. அவருக்கு அது தெரியும்.

"எல்லாம் ஆயத்தமாயிருக்கிறது. வாருங்கள்."

பதில் இல்லை. மழை நின்றிருந்தது.

பின்வரிசையில் ஒரு பெஞ்சு முனகியது. பிறகு அடுத்தது. சேலைகளின் சரசரப்பு. வெறுங்கால்கள். கல்லறைத் தோட்டத்து ஈரமண் வாடை. பல்பு மங்கியது.

பீடத்தின் முன்னிருந்த மரக் கிராதியை ஒட்டி ஒரு வரிசை முழந்தாளிட்டிருந்தது. எல்லாருக்கும் முக்காடு. பின்னால் இன்னொரு வரிசை. அதன் பின்னால் இன்னொன்று. கதவுவரை.

அவரிடம் அப்பம் இல்லை.

"நா... நா..."

அவர்கள் காத்திருந்தார்கள். பிறகு முதலாவது தலை நிமிர்ந்தது. வாய் திறந்தது. நாக்கு இருக்கவேண்டிய இடத்தில் மண்.

அடுத்த வாய். மண்.

அடுத்தது.