நான் யார் என்றது மிகான்!

"வீல்...!"

ஒசாகாவின் நிப்பொன்பாஷி. அந்தப் பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி அலறலில் அதிர்ந்தது.

மணி மாலை 5.15.

அலறியவள் சிஸுரு. கையிலிருந்த பை நழுவி, உள்ளே முட்டைகள் நொறுங்கின.

எதிரே, மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார் அவள் கணவர் முரோயா. கழுத்தில் நான்கு சுற்று... நீல நிற நெட்வொர்க் ஒயர்!

பக்கத்தில் ஒரு முப்பது வருடப் பழைய கம்ப்யூட்டர், விசிறி உறும ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு மணிக்கு, அதே வீட்டின் சமையலறையில் இன்ஸ்பெக்டர் கஜிவாரா உட்கார்ந்திருந்தாள். எதிரே சிஸுரு. பக்கத்தில், கையில் நோட்டோடு உதவியாளன் பெப்பு.

"காலையில சண்டை போட்டீங்களாமே?"

"போட்டேன். 'நான் வேணுமா, இந்தப் பழைய இரும்பு வேணுமா'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"யோசிச்சு சொல்றேன்னார்."

பெப்பு இருமினான்.

"கேளுங்கம்மா..." கஜிவாராவின் குரலில் ஈரமில்லை. "மூணு மணியிலேர்ந்து அஞ்சே காலுக்குள்ள சாவுன்னு டாக்டர் சொல்றார். நாலு அம்பது வரைக்கும் நீங்க சூப்பர் மார்க்கெட் கல்லாவில. பத்து பேர் சாட்சி. ஆனா அஞ்சு மணிக்கு இந்த மெஷினை யாரோ போட்ட சத்தம் பக்கத்து வீட்டம்மாவுக்குக் கேட்டிருக்கு. உங்க வீட்டுக்காரரைத் தவிர யாரும் அதைத் தொட மாட்டாங்களாம். அப்ப அஞ்சு மணிக்கு அவர் உயிரோட இருந்தார். அதுக்கப்புறம் உள்ள வந்தது நீங்க ஒருத்திதான்!"

"நான் கொல்லலை..."

"அஞ்சுக்கு முன்னாடி அவர் செத்தார்னு காட்டுங்க. இப்பவே விட்டுடறேன். இல்லேன்னா... கை விலங்கு!"

சிஸுரு கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

வாசல் மணி ஒலித்தது.

உள்ளே வந்தவர் ஹிபினோ. முரோயாவின் இருபது வருட நண்பர். பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் சங்கத்தின் செயலாளர். வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சிஸுரு-சான்... இப்படி ஆயிடுச்சே! சாயங்காலம் அஞ்சு மணிக்குக்கூட நல்லா இருந்தானே!"

கஜிவாரா நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாலேகால்லேர்ந்து ஆறு வரைக்கும் தாகோயாகி பலகாரக் கடையில நாங்க அஞ்சு பேர் இருந்தோம். சரியா அஞ்சு மணிக்கு போனைப் பாத்தேன். 'முரோயா மிகானை எழுப்பிட்டான்டா'ன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். வேணும்னா கேளுங்க."

"மிகானா? ஆரஞ்சுப் பழமா?" என்றான் பெப்பு.

"மெஷினோட பேர் தம்பி! அதுக்கு டிஸ்க்கே கிடையாது. சுவிட்சைப் போட்டதும், 'இதுதான் என் நம்பர், நான் யாரு?'ன்னு ஒயர்ல கத்தும். முரோயா வெச்சிருக்கற இன்னொரு கம்ப்யூட்டர், அதான் சர்வர், லிஸ்ட்டைப் பாத்து 'நீதான் மிகான்'னு பதில் சொல்லி, ஓடறதுக்கு வேண்டியதெல்லாம் அனுப்பும்."

"குடிச்சுட்டு வர்ற என் மச்சான் மாதிரி. வாசல்ல நின்னு 'நான் யாரு'ம்பான்."

ஹிபினோ சிரிக்கவில்லை. "எழுந்ததும் சங்கத்து வெப் பக்கத்துல பேர் பச்சையா மாறும். இன்னிக்கு அஞ்சு மணிக்கு மாறிச்சு. இந்தக் கண்ணால பாத்தேன்!"

"பொய்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

சிஸுரு எழுந்து நின்றிருந்தாள்.

"நான் உள்ள வந்தப்ப மிகான் எழுந்திருக்கவே இல்லை, கத்திட்டுத்தான் இருந்துது! அது தானா எழுந்திருக்காது! அதுக்குள்ள நம்பரை ஞாபகம் வெச்சிருக்கற சின்ன பேட்டரி போன வாரமே செத்துப்போச்சு. ஒவ்வொரு தடவையும் அவர் பன்னெண்டு எழுத்தைக் கையால அடிச்சாத்தான் எழுந்திருக்கும்."

"என்கிட்ட... அவன் சொல்லலையே!" ஹிபினோவின் முகம் வெளுத்தது.

"எப்படிச் சொல்வார்? சங்கத்துல எல்லாருக்கும் 'பேட்டரியை மாத்துங்க'ன்னு பாடம் எடுத்தவராச்சே. வெக்கம்!"

கஜிவாரா ஏற்கெனவே அடுத்த அறையில் இருந்தாள்.

திரையில் ஒரே வரி, திரும்பத் திரும்ப ஊர்ந்தது.

பதில் வரவில்லை... பதில் வரவில்லை... பதில் வரவில்லை...

இரண்டு மணி நேரமாக, நம்பர் இல்லாமல், 'நான் யார்' என்று கத்திக்கொண்டிருந்தது மிகான்!

"அப்பவே பாத்தேன் மேடம்..." பெப்பு தலையைச் சொறிந்தான். "பழைய மெஷின்னா இப்படித்தான் போலன்னு..."

"உயிரோட இருக்கற முரோயா சுவிட்சைப் போட்டிருந்தா நம்பரை அடிச்சிருப்பார். மேஜைக்குப் பின்னாடி குனிஞ்சு பாருய்யா!"

பெப்பு தவழ்ந்தான். தூசியோடு நிமிர்ந்தான். "மேடம்! பிளக்குக்கும் சுவருக்கும் நடுவுல டைமர்! அஞ்சு மணிக்கு கரண்ட் விடற மாதிரி வெச்சிருக்கு!"

கஜிவாரா தன் போனில் சங்கத்துப் பக்கத்தைத் திறந்தபடி சமையலறைக்குத் திரும்பினாள்.

"மிகான், சிவப்பு. கடைசியா ஓடினது இன்னிக்குக் காலையில பதினொண்ணு இருபதுக்கு. பச்சையை நீங்க எங்க பாத்தீங்க, ஹிபினோ-சான்?"

ஹிபினோ வாசல் பக்கம் நகர்ந்தார்.

"போனைப் பாக்காமலே சொன்னீங்க. ஏன்னா, அஞ்சு மணிக்கு அது எழுந்திருக்கும்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியும். மூணு மணிக்கு மேல கழுத்தை நெரிச்சீங்க. டைமரை மாட்டினீங்க. நாலேகாலுக்கு தாகோயாகி! இப்ப துக்கம் கேக்கற சாக்குல டைமரை எடுத்துட்டுப் போக வந்தீங்க."

பெப்பு வாசலை மறித்து நின்றான்.

ஹிபினோ நாற்காலியில் சரிந்தார். குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

"பல்கலைக்கழகக் கிடங்குல... பூட்டி வெச்சு வீணாக்கிட்டிருந்தாங்க. மூணு மெஷின். நான் யாருக்கும் தெரியாம எடுத்துட்டு வந்து உயிர் கொடுத்தேன். போன மாசம் ஒண்ணை அவன் சர்வர்ல எழுப்பினேன். அது தன் நம்பரைச் சொல்லிடுச்சு. அது பல்கலைக்கழக மெஷினோட நம்பர்னு அவன் கண்டுபிடிச்சிட்டான். 'ஞாயித்துக்கிழமைக்குள்ள திருப்பிக் கொடு, இல்லேன்னா சங்கத்துல சொல்வேன்'னான்..."

"அதுக்காகவா?" சிஸுரு கேட்டாள். மெதுவாக. "மூணு பெட்டிக்காகவா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை.

விலங்கு பூட்டப்பட்டது. படி இறங்கும்போது ஹிபினோ நின்றார். கண்ணில் முதல்முறையாக நிஜமான நீர்.

"என் மெஷினெல்லாம்... தூசி பட்டா தாங்காது. யார் பாத்துப்பாங்க?"

பெப்பு அவர் தோளைத் தட்டினான்.

"கவலையே படாதீங்க சார்! அதுங்க மியூசியத்துல, நீங்க ஜெயில்ல. ரெண்டு பேரையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்துதான் பாக்க விடுவாங்க!"