மூடாத சாக்கெட்

வள்ளங்களின் பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாக மங்கியபோது லிஜின் வாய்க்கு வந்தபடி திட்டியது செல்போன் கோபுரத்தைத்தான். ஆனி மாதத்துச் சாயங்காலம். தென்மேற்கே மேகம் கன்னங்கரேலென்று இறங்கிக்கொண்டிருந்தது. மாடியறையின் தகரக் கூரை காற்றில் படபடத்தது. துறையில் காயப்போட்ட வலைகளின் உப்பும் டீசலும் கலந்த வாடை ஜன்னல் வழியாக ஏறிவந்து அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் முழுசாக இருந்தது.

அப்படியென்றால் கோளாறு அவனுடைய சர்வரில். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. இராஜாக்கமங்கலம் துறை வள்ளங்களில் சின்னதாக ஒரு பெட்டி உண்டு. வள்ளம் இறக்கும்போது எத்தனை பேர் ஏறினார்கள் என்று அதன் பொத்தானைத் தட்டிவிடுவார்கள். இருக்கும் இடத்தையும் ஆள் கணக்கையும் பெட்டி இந்த லேப்டாப்புக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வாங்கிக்கொள்கிற புரோகிராமை சி மொழியில் எழுதியவன் லிஜின். காற்று முற்றினால் மீட்புப் படகு கிளம்புவது இந்தத் திரையை நம்பித்தான். இன்று கடலில் இருப்பவர்களில் அண்ணியின் அப்பா ததேயுசும் ஒருவர்.

பிழைச் செய்திகளைத் திறந்தான். இடமில்லை, இடமில்லை என்று வரிசையாக ஒரே பல்லவி. இணைகிற ஒவ்வொரு பெட்டிக்கும் சர்வருக்குள் ஒரு சாக்கெட், அதாவது ஓர் இணைப்பு வாசல், வேண்டும்; சாக்கெட்டுகளுக்கு ஓர் அளவு உண்டு. பெட்டி பேசாமல் போனால் அதன் சாக்கெட்டை மூடி, அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். அவன் புரோகிராமும் அதைச் செய்தது, ஒரே ஒரு பெட்டியைத் தவிர.

அது அண்ணன் ஜெஃப்ரினின் பெட்டி. போன வருஷம் நான்கு பேரோடு போன வள்ளம் கவிழ்ந்தது. மூன்று உடல்கள் கரைக்கு வந்தன, ஜெஃப்ரின் வரவில்லை. உடல் வராதவனுக்கு இந்த வீட்டில் பூசை வைப்பதில்லை, அவன் சாப்பிட்ட தட்டைக் கவிழ்ப்பதில்லை. திரையில் அந்தப் பெயர் மங்குவதைப் பார்த்த அண்ணி லீமா லிஜினின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்தப் பெட்டியை மட்டும் மூடாதே என்று அவன் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தான். வேறொருவன் எழுதியிருந்தால் கேலி பண்ணியே கொன்றிருப்பான். ஒற்றை சாக்கெட்தானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தான்.

இப்போது பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தான். ஒற்றை இல்லை. எல்லா சாக்கெட்டிலும் ஜெஃப்ரினின் பெட்டி எண்தான். பழைய இணைப்பைத் தப்பாக எண்ணியிருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒன்றில் என்ன வருகிறது என்று படித்துப் பார்த்தான். மறுமுனை போய்விட்டிருந்தால் பூஜ்யம் வர வேண்டும், இல்லையென்றால் பிழை. இரண்டும் வரவில்லை. தகவல் வந்தது. வள்ளம் கவிழ்ந்த அதே இடம். ஆள் கணக்கு, ஒன்று.

இன்னொன்றைப் படித்தான். ஒன்று. இன்னொன்று. ஒன்று.

"லிஜினு, அப்பாக்க வள்ளம் எங்க நிக்கி?" காப்பியோடு வந்த லீமா கேட்டாள்.

"தெரியல மைனி. பெட்டி உள்ள வர எடமில்ல. அண்ணனுக்க பெட்டிதான் முழுசும் அடைச்சிட்டு கெடக்கு. மூடணும்."

அவள் காப்பியை லேப்டாப் பக்கத்தில் வைத்தாள். "மூடாத மக்கா. அவிய வருவாவ."

"உங்க அப்பா கடல்ல கெடக்காரு மைனி!"

"அவியளும் அங்கதானே கெடக்காவ?"

இடி இறங்கியது. அந்த வரியை அழித்தான். கம்பைல் செய்து சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டினான். எண்டர் தட்டும்போது, தன் அண்ணனின் விரல்களைத் தானே ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவது மாதிரி இருந்தது. ஜெஃப்ரினின் பெயர் அணைந்தது. லீமா கீழே இறங்கிப் போனாள்.

ஒரு பெயர் பச்சையானது. இன்னொன்று. ததேயுசின் வள்ளமும் வந்தது. எல்லாம் கரையை நோக்கித் திரும்பியிருந்தன. லிஜின் நாற்காலியில் சாய்ந்து, ஆறிப்போகாத காப்பியை ஒரு வாய் குடித்தான். அப்புறம்தான் ஆள் கணக்கைப் பார்த்தான்.

ததேயுசின் வள்ளத்தில் ஐந்து.

நான்கு பேர்தான் போனார்கள். காலையில் வள்ளத்தைத் தள்ளிவிட்டவன் அவனே. அடுத்த வள்ளத்தைப் பார்த்தான். அதிலும் ஒன்று கூடுதல். எல்லாவற்றிலும் ஒன்று கூடுதல். புரோகிராமில் எங்கோ ஒன்றைக் கூட்டிவிட்டேனோ என்று வரிவரியாகத் தேடினான். கூட்டலே இல்லை. பெட்டி அனுப்புவதை அப்படியே காட்டுவதுதான் அவன் புரோகிராம். பொத்தானை அங்கே யாரோ தட்ட வேண்டும்.

ஐந்து நான்கானது.

போனை எடுத்து ததேயுசைக் கூப்பிட்டான். மணி அடித்தது. எடுத்தார்கள். இன்ஜின் ஓடும் சத்தம். தண்ணீர் அடிக்கும் சத்தம்.

"மாமா? மாமா, கேக்குதா?"

யாரும் பேசவில்லை. ஏதோ கனமாகத் தண்ணீரில் விழுந்தது.

திரையில் மூன்று. எல்லா வள்ளங்களிலும் கணக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கையால் திரையை மறைத்தான். விரலிடுக்கில் பார்த்தான். இரண்டு.

ஒன்று.

எல்லாவற்றிலும் ஒன்று.

எழுந்து ஜன்னலுக்குப் போனான். மழை இன்னும் தொடங்கவில்லை. வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. வள்ளங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆள். நீல மழைக்கோட்டு. கரையைப் பார்த்ததும் ஒரு காலை விளிம்பில் தூக்கி வைத்து நிற்பது ஜெஃப்ரினின் பழக்கம். முன்னால் வந்தவன் காலைத் தூக்கி வைத்தான். பின்னால் வந்தவனும். அதற்கும் பின்னால் வந்தவனும்.

கீழே அடுக்களையில் சத்தம் கேட்டது. லீமா தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், வள்ளத்துக்கு ஒன்றாக.