மந்திரித்த எண்ணெய்

காலையில் கட்டுத்துணி காலில் இல்லை. கட்டிலுக்கு அடியில், சுவரோரமாக, நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. தூக்கத்தில் தானே உதறியிருக்க வேண்டும் என்று டென்சில் நினைத்தார். சர்க்கரை நோயால் வலது பாதத்தில் உணர்ச்சி போய்ச் சில வருடங்களாகின்றன. செருப்பு கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரியாது.

புண் நேற்றைவிட அகலமாக இருந்தது.

அன்று பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் நிருபமாவுக்கும் அதுதான் புரியவில்லை. சர்க்கரை இவ்வளவு கட்டுக்குள் இருந்தால் புண் சுருங்கியிருக்க வேண்டும்; இதுவோ ஓரங்களில் பிய்ந்துகொண்டே போகிறது என்றார். இப்படியே போனால் பாதத்தை எடுக்க வேண்டிவரும்.

ஆட்டோ காக்ஸ் டவுனுக்குள் திரும்பிய பிறகுதான் மனைவி பவுலின் வாயைத் திறந்தாள்.

"எனக்குத் தெரியாம பேக்கரிக்குப் போறீங்களா? உண்மைய சொல்லுங்க."

"வாசப்படி தாண்டவே உன் தோளு வேணும். பேக்கரிக்கு எப்படிம்மா போவேன்?"

டாக்டரிடம் இருவரும் சொல்லாத ஒன்று இருந்தது. மாதா பீடத்து விளக்கிலிருந்து மந்திரித்து வாங்கிய தேங்காயெண்ணெயைப் பவுலின் தினமும் ஜெபம் சொல்லிப் புண்ணைச் சுற்றித் தடவிக் கட்டுவாள். பாதம் பிழைத்தால் திருவிழாவுக்கு வெள்ளிப் பாதம் வைப்பதாக நேர்ந்திருந்தாள். அன்று தாராளமாகவே தடவிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நவநாள் ஜெபத்துக்குப் போனாள்.

பிற்பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. கரண்ட் போயிற்று. போர்வைக்குள் படுத்தபடி, ஓட்டின்மேல் மழை அறைவதையும் தெருச் சாக்கடை நிரம்பிப் புரள்வதையும் கேட்டுக்கொண்டிருந்த டென்சிலுக்கு, அவற்றின் நடுவே இன்னொரு சத்தம் தனியாகப் பிரிந்து கேட்டது: ஈரமான எதையோ யாரோ நிதானமாகச் சுரண்டுவது போல, விட்டு விட்டு.

"பவுலின்?"

நின்றது.

மூச்சை அடக்கிக்கொண்டார். மீண்டும் தொடங்கியது. இருமினார். நின்றது.

அறைக்குள்தான். இல்லை, கட்டிலில்.

கால்மாட்டில் போர்வை அசைந்தது. அவர் காலை அசைக்கவில்லை.

போர்வையை இழுத்தார்.

பெருச்சாளி. பக்கத்தில் இன்னொன்று. ஓடவில்லை. நாள்பட்ட பழக்கம் போல அவரை நிமிர்ந்து பார்த்தன. அவர் பாதத்தில் சுண்டுவிரல் இல்லை. அவர் காலை உதறினார். பாதத்தோடு சேர்ந்து அவையும் ஆடின. பெரியது, அடுத்த விரலை முன்கால்களால் பற்றிக்கொண்டு தலையைக் குனிந்தது.

வலிக்கவே இல்லை.