அடையில் உட்காராத கறுப்பி

கறுப்பி மறுபடியும் எழுந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் சடை பின்னிக்கொண்டிருந்த பெர்னதெத், பாதிப் பின்னலோடு கொல்லைப்புறத்துக்கு ஓடினாள். கறுப்பி அவளுடைய கோழி. முட்டைகளின் மேல் உட்கார்ந்து அடைகாக்க வேண்டியவள், கிணற்றடியில் அலைந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் நடப்பாள். நின்று இறக்கைக்கு அடியில் கொத்துவாள். உடம்பை உதறுவாள். மறுபடி நடப்பாள்.

பெர்னதெத் பாதிப் பின்னலை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையை அடைப்பெட்டிக்குள் விட்டு முட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். சூடு குறைந்துகொண்டே வந்தது.

அவை அவள் வீட்டு முட்டைகள் அல்ல. அடுத்த வீட்டு அஞ்சலாட்சி அத்தையின் முட்டைகள். அத்தையின் ஒரே கோழியைக் கீரி பிடித்துப் போய்விட்டது. மிஞ்சிய முட்டைகளைக் கறுப்பியிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். பொரிக்கிற குஞ்சுகளில் பாதி முட்டைக்காரருக்கு, பாதி கோழிக்காரருக்கு. அதுதான் வாரம். இந்த முட்டைகள் கெட்டால் அத்தையின் கொல்லையில் இனிமேல் கோழிச் சத்தமே இருக்காது.

வேலிக்கு மேலே அத்தையின் தலை தெரிந்தது.

"என்ன பாப்பா, உன் கோழி ஊர்கோலம் போவுது?"

"சும்மா காத்து வாங்குது அத்தை. இதோ உட்கார்ந்துடும்."

"நேத்தும் காத்துதான் வாங்குச்சு. அது அடை காக்குதா, கடற்கரைக்கு வந்திருக்குதா?"

பெர்னதெத் கறுப்பியைப் பிடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். கறுப்பி உட்கார்ந்தாள். ஆனால் நிம்மதியாக உட்காரவில்லை. நெளிந்தாள். எழுந்தாள். திரும்பி உட்கார்ந்தாள்.

அம்மா புஷ்பமேரி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "பேன் பிடிச்ச கோழி. சாம்பல் பூசியாச்சு, வசம்புப் பொடியும் தூவியாச்சு. ரெண்டு தடவை பண்ணிட்டேன். இதுக்கு மேல முடியாது. ஞாயித்துக்கிழமை கொழம்புல போட்டுடப் போறேன்."

"அம்மா, முட்டை?"

"அஞ்சலாட்சிகிட்ட நான் சொல்லிக்கிறேன். வீடு பூரா பேன் ஏறினா யாரு பாக்குறது? சடையைப் பின்னு. நேரமாவுது."

அன்று வகுப்பில் பெர்னதெத்துக்கு ஒரு கணக்கும் சரியாக வரவில்லை. கணக்குப் போட வேண்டிய இடது கை, வலது கையைச் சொறிந்துகொண்டிருந்தது. அவள் இடதுகைக்காரி. பக்கத்தில் இருந்த ஆனந்தமேரி மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உனக்கும் பேனா?"

"இல்லை. கோழிக்குத்தான்."

"அப்ப நீ ஏன் சொறியறே?"

பெர்னதெத் சொறிவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். ஆமாம், நான் ஏன் சொறிகிறேன்? கறுப்பியை இரண்டு கையாலும்தான் தூக்கினேன். அப்படியானால் இரண்டு கையும் அரிக்க வேண்டும். வலது கை மட்டும்தானே அரிக்கிறது? முட்டையைத் தொட்டுப் பார்க்கப் பெட்டிக்குள் விட்டது இந்தக் கையைத்தான்.

அதன் பிறகு மணி அடிக்கிற வரைக்கும் அவளால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. கறுப்பியைப் போலவே நெளிந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் வாய்க்கால் ஓரமாக ஓடி வீட்டுக்கு வந்தாள். கறுப்பி சாம்பல் குழியில் இறக்கையை விரித்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளைப் பிடித்து இறகுகளை விலக்கிப் பார்த்தாள் பெர்னதெத். அம்மா பூசிய சாம்பல் இருந்தது. ஒரு பேனைக்கூடக் காணோம்.

பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

அது சாதாரணப் பெட்டி இல்லை. அப்பா தனிஸ்லாஸ் வெள்ளைக்காரத் துரை ஒருவர் வீட்டுக் குசினியில் சமையல் வேலை பார்த்தார். பிரான்சில் போர்தோ என்கிற ஊரிலிருந்து கப்பலில் ஒயின் பாட்டில்கள் வந்த பெட்டி அது. பக்கப் பலகையில் திராட்சைக் குலை முத்திரை இருந்தது. வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் அப்பா அந்தக் குலையைக் காட்டுவார். மற்றவர்களின் கோழிகள் ஓட்டைக் கூடையில் அடைகாத்தன. கறுப்பி போர்தோவில் அடைகாத்தாள்.

பெர்னதெத் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிப் பலகை இடுக்கில் விட்டுக் கிளறினாள். சாம்பல் போல ஏதோ உதிர்ந்தது. அதை ஒரு வெள்ளைக் காகிதத்தில் தட்டினாள்.

சாம்பல் நடந்தது.

ஈர்க்கு நுனியால் நசுக்கினாள். காகிதத்தில் சிவப்பாகக் கோடு விழுந்தது.

"அம்மா, இங்க வாங்களேன். பூச்சி கோழிகிட்ட இல்ல. பெட்டியில இருக்குது."

"பைத்தியமா உனக்கு? பிரான்சுலேருந்து வந்த பெட்டிடி அது. அதுல எப்படி பூச்சி இருக்கும்?"

பெர்னதெத் காகிதத்தை நீட்டினாள். அம்மா குனிந்து பார்த்தாள். உடனே நிமிர்ந்து, சேலையை நன்றாக உதறிக்கொண்டாள்.

"இது பேன் இல்ல, செள்ளு. இடுக்குல ஒளிஞ்சிருந்து கோழி ரத்தத்தைக் குடிக்கும். சேசுவே, நான் பாட்டுக்குக் கோழியையே பிடிச்சுப் பிடிச்சுப் பூசினேனே."

"பேசிட்டே இருந்தா முட்டை ஆறிடும்மா."

பெர்னதெத் வேலி தாண்டி ஓடினாள். "அத்தை, வாய் அகலமா ஒரு பழைய சட்டி வேணும். உங்க முட்டைக்குத்தான்."

அத்தை சட்டியோடு தானும் வந்துவிட்டார். பெர்னதெத் அதில் உலர்ந்த மணலும் சாம்பலும் போட்டு, மேலே வேப்பிலையும் புது வைக்கோலும் பரப்பினாள். ஒவ்வொரு முட்டையையும் துணியால் துடைத்து வைத்தாள். பெட்டியை வெளியே இழுத்துப் போட்டு, அது இருந்த மூலையைக் கூட்டிச் சுத்தம் செய்து, சட்டியை அதே மூலையில் வைத்தாள்.

அம்மா சோற்றுக்கு வைத்திருந்த உலைநீரை அப்படியே தூக்கி வந்து, வெளியே கிடந்த பெட்டியின் இடுக்குகளில் ஊற்றினாள்.

இனிமேல் கறுப்பியின் முறை. மூன்று பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். கறுப்பி சட்டியைச் சுற்றினாள். வெளியே போனாள். திரும்பி வந்தாள். கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மறுபடியும் போனாள்.

"பழைய சட்டி பிடிக்கலையோ?" என்றார் அத்தை. "உங்க கோழி துரைசாணி ஆச்சே."

"சும்மா இருங்க அத்தை. அதுக்குக் கேட்டுடப் போவுது."

கறுப்பி சட்டிக்குள் ஒரு காலை வைத்தாள். மறுகாலையும் வைத்தாள். அலகால் ஒரு முட்டையைத் தன் பக்கம் உருட்டினாள். இறகைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். நெளியவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். கொல்லையில் ஈரமாகக் கவிழ்ந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். அவர் முகம் சின்னதாகிவிட்டது.

"நான் கொண்டாரப்ப சுத்தமாத்தானே இருந்துது?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெர்னதெத் முந்திக்கொண்டாள்.

"சுத்தமாத்தான்பா இருந்துச்சு. பூச்சி நம்ம ஊருது. நல்ல பெட்டியைப் பாத்ததும் குடி வந்துடுச்சு."

அப்பா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பிறகு, "சுண்ணாம்பு இருக்குதா?" என்று கேட்டு, இடுக்கு இடுக்காகத் தானே பூசத் தொடங்கினார். திராட்சைக் குலையின் மேல் மட்டும் சுண்ணாம்பு படாமல் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் விடியும்போது சட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது. பிறகு இன்னொன்று. இரண்டு முட்டைகள் கூழாகிப் போயிருந்தன. மற்றவை எல்லாம் பொரிந்துவிட்டன. அஞ்சலாட்சி அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நிற்க மறந்து, இந்தப் பக்கம் வந்து குந்திக்கொண்டார்.

அப்பா வேலைக்குக் கிளம்பக் கதவைத் தடாலென்று திறந்தார். அம்மா அவர் எதிரே போய்க் கையை நீட்டி மறித்தாள்.

"மெதுவாப் போங்களேன். பிள்ளை பெத்தவ இப்பத்தான் கண்ணசந்தா."

அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தெரு வரைக்கும் நுனிக்காலில் நடந்துபோனார்.