பூந்தமல்லி கிடங்கில் எடுத்த பதிவு

பதிவில் யாரோ இருமினார்கள்.

ஷெர்வின் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பக் கேட்டான். முந்தின வாரம் பூந்தமல்லியில், மெட்ரோ வேலை நடக்கும் சாலையை ஒட்டிய பழைய கிடங்கில் இசைக்கலைஞர் பால்ராஜும் அவர் குழுவும் வாசித்தபோது, சட்டைப்பையில் சின்ன ரெக்கார்டரை ஒளித்துவைத்து எடுத்தது. ராகம், தாளம், ஒத்திகை ஒன்றும் கிடையாது. வயலின், தவில், ஒரு தகரத் தகடு, அந்த நிமிடத்தில் கைக்கு எது தோன்றுகிறதோ அது. தொடங்கும் முன் பால்ராஜ் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்: "தயவுசெஞ்சு யாரும் ரெக்கார்ட் பண்ணாதீங்க. இது இங்கயே பொறந்து இங்கயே முடியணும்."

எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டிவிட்டு ஷெர்வின் பட்டனை அழுத்தினான். அவனைப் போன்ற ரசிகர்கள் சிலர் இப்படித் திருட்டுத்தனமாக எடுத்துத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்வது வழக்கம்தான்.

ஆனால் அன்று யாரும் இருமவில்லை. அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

இரண்டாம் முறை கேட்டபோது இருமல் இல்லை. அங்கே தவில் வந்தது. அடுத்த முறை தவிலும் இல்லை. நாற்காலியை யாரோ இழுத்தார்கள்.

அவன் வீடு இருந்த கோவில்பதாகையில் மழை பிடித்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை மாலை. சமையலறையிலிருந்து அவன் மனைவி ஷைலா வெங்காயம் வதக்கும் வாசனை வந்தது. மதியம்தான் அவளும் இந்தப் பதிவைக் கேட்டிருந்தாள். "பாத்திரம் உருட்டுற சத்தத்துக்கா அவ்ளோ தூரம் போற?" என்று எப்போதும் கிண்டல் செய்பவள், இன்று தானாகவே, "குடு, அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன்" என்று ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டாள். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அசையாமல் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். கழற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

ஷெர்வின் ஆவடியிலிருக்கும் நண்பன் அலெக்ஸுக்கு போன் செய்தான். பதிவின் நகல் அவனிடமும் இருந்தது.

"மச்சான், நானே கூப்டலாம்னு இருந்தேன். இன்னாடா அனுப்பிக்கீற?" அலெக்ஸ் கிசுகிசுத்தான்.

"ஏன்டா?"

"அதுல எங்கூட்டு கேட் சத்தம் கேக்குது. துரு புடிச்சுப்போய் கிறீச்சுங்குமே, அதே. அப்பால எங்கம்மா மூச்சு உடுறது. அவங்க பக்கத்து ரூம்ல தூங்கிகினு கீறாங்கடா. பயந்துபோய் அழிச்சிட்டேன் மாமே. அழிச்சும் நிக்கல."

"நிக்கலன்னா?"

அந்தப் பக்கம் போன் துண்டிக்கப்பட்டது.

கடைசியாக ஒருமுறை கேட்டான். இப்போது கிடங்கே இல்லை. மழை ஜன்னல் மேல் மறைப்பில் சொட்டும் சத்தம், பால்கனிக் கொடிக்கம்பி காற்றில் அதிரும் சத்தம், சூடான எண்ணெயின் சீறல், வாணலியில் கரண்டி உரசுவது. எல்லாம் அவன் வீடு. யாரோ அதை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள், அவசரமே இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி.

பதிவை அழித்தான். ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

மழை. கம்பி. எண்ணெய்.

கரண்டிச் சத்தம் மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு நரம்பு. மெல்லியது. வில் பட்டு முனகுவதுபோல. சமையலறையிலிருந்து.

"ஷைலா?"

கருகிய வாசனை. எழுந்து போனான்.

அடுப்பில் வெங்காயம் கரியாகிக்கொண்டிருந்தது. ஷைலா ஜன்னலுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவிழ்த்த கூந்தலை ஜன்னல் கம்பியில் முடிந்து, முன்னால் சாய்ந்து விறைக்க இழுத்திருந்தாள். நெற்றித் தோல் பின்னுக்கு இழுபட்டு, கண்கள் இமைக்க முடியாமல் அகன்றிருந்தன. காய் நறுக்கும் கத்தியைத் தோளுக்கு மேல் கொண்டுபோய் அந்த முடியின் மேல் மெதுவாக இழுத்தாள். இழை இழையாக அறுந்தது. அறுந்த ஒவ்வொன்றும் பாடியது.

அவனைக் கண்டதும் நிறுத்தினாள். தலையை லேசாக அசைத்தாள். உள்ளே வா என்று.

காத்திருந்தாள்.

ஓட நினைத்தான். கால் நகரவில்லை. கை நகர்ந்தது. அவன் நகங்கள் கதவுநிலையைப் பிறாண்டின. மீண்டும். மீண்டும். ஒரு நகம் பெயர்ந்தது. சத்தம் சரியாக இருந்தது.

ஷைலா புன்னகைத்தாள். கத்தியை முடியிலிருந்து எடுத்தாள். தன் கழுத்தில் துடித்துக்கொண்டிருந்த நரம்பின் மேல், சுருதி பார்ப்பவள்போல, பொறுமையாக வைத்தாள்.